கண்ணாடி அடிக்காமல் பிடிக்கத் தெரியும்

"அக்கா, போட்டோவைக் கொஞ்சம் மேல பிடிங்க."

குமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரையில் இன்று சேனல் மைக்கோடு நின்ற பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

அந்த அக்கா மேலே மட்டும் தூக்கவில்லை. லேமினேஷனில் வெயில் பட்டுக் கண்ணாடி அடிக்காதபடி லேசாகச் சரித்துப் பிடித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. கேமராக்கள் பழக்கிவிட்டன.

"கடலப் பாத்துட்டு நில்லுங்கக்கா."

"நான் பாக்காத கடலா மக்ளே?"

பையன் சிரித்துவிட்டான். நல்ல பிள்ளைதான், அவனைக் குறை சொல்லவில்லை.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். புயல் எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களை எட்ட வயர்லெஸ்ஸுக்கு வலு இல்லை. கரையில் பெண்கள் கதறிக்கொண்டிருந்த நாட்களில் சென்னைச் சேனல்களுக்கு ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் இருந்தது.

எங்கள் பையன்கள் போனில் எடுத்த வீடியோக்கள்தான் முதலில் சுற்றின. டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் நடந்தே போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். ரயில் நின்றது. கேமராக்கள் குவிந்தன. டிசம்பர் 19 அன்று பிரதமரே குமரிக்கு வந்தார்.

ரயில் நின்றால்தான் செய்தியா என்று அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் கேமரா மட்டும் வந்திருந்தால் நாலு நாள் அழுகையோடு முடிந்திருக்கும். காணாமல் போனவர்கள் இத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணிக்கையை மறுக்க முடிந்தது தேவாலயப் பங்குகளில் வீடு வீடாக விசாரித்து எழுதிய பட்டியல்களால். எந்த ஊர், எந்தப் படகு, யார் மகன் என்று பேர் பேராக.

அதை எழுதியவர்களிடம் ஒரு சேனலாவது பேட்டி எடுத்ததா? நான் பார்த்ததில்லை.