சிக்னல் 31: ஓப்பன்எஸ்எஸ்எல் அப்டேட்டுக்குப் பிறகு எஸ்எஸ்ஹெச் செத்த கதை

2019 அக்டோபரில் டெபியன் 10 லினக்ஸுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியின் பாதுகாப்பு அப்டேட் வந்தது. 1.1.1சி போய் 1.1.1டி. நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் எல்லாம் சத்தமில்லாமல் ஏறிவிட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றிலும் ஓடுவது டெபியன் 10தான். ஆனால் கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) மட்டும் டெபியன் 8 காலத்து 3.16. அதில் செருகியிருக்கும் டெலிபோன் கார்டின் டிரைவர் புதுக் கெர்னலில் கம்பைல் ஆகாது. கார்டை மாற்ற வாடிக்கையாளருக்கு மனமில்லை. இப்படிப்பட்ட மெஷின்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன என்பதால்தான் இதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

அந்த மெஷினுக்குள் தூரத்திலிருந்து லாகின் செய்ய உதவுவது எஸ்எஸ்ஹெச். அப்டேட் முடிந்த கொஞ்ச நேரத்தில் அங்கே வேலை பார்க்கும் தம்பி போன் செய்தான்.

"அண்ணா, எஸ்எஸ்ஹெச்ல உள்ள போகவே முடியல. பாஸ்வேர்டுகூடக் கேக்க மாட்டேங்குது, கனெக்‌ஷன் குளோஸ்டுன்னு வந்துடுது."

"ஏற்கெனவே லாகின் பண்ணின விண்டோ எதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்குண்ணா. அது நல்லா ஓடுது."

"அத மட்டும் மூடிடாத."

அந்த ஒரு விண்டோதான் எங்களைக் காப்பாற்றியது. அது ஓடியதற்குக் காரணம், பழைய லைப்ரரி அந்தப் பிராசஸின் மெமரியில் இன்னும் இருந்தது. எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் புரோகிராம்) ஒவ்வொரு புது கனெக்‌ஷனுக்கும் ஃபோர்க் ஆகி, அதாவது தன் நகல் ஒன்றைப் பெற்று, தன்னையே மறுபடி எக்ஸெக் செய்துகொள்ளும், புதிதாக ஏற்றிக்கொள்ளும். அதனால் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யாவிட்டாலும் அடுத்து வருகிற கனெக்‌ஷன் புது லைப்ரரியில்தான் போய் விழும்.

சர்வீஸின் நிலையைச் சொல்லும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பச்சையாக, 'ரன்னிங்' என்றே காட்டியது. காது கொடுத்துக் காத்திருக்கும் தாய்ப் பிராசஸுக்கு ஒரு குறையும் இல்லை; அது பெற்றுப் போடும் குழந்தைதான் லாகினுக்கு முன்பே சாகிறது. கான்ஃபிக் சோதனை சுத்தம். தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் எல்டிடி போட்டால் எல்லா லைப்ரரியும் இருக்கிறது, ஒன்றும் 'நாட் ஃபவுண்ட்' இல்லை.

சிஸ்டம் லாகான ஜர்னலில்தான் விஷயம் கிடைத்தது: 'ப்ரீஆத் சைல்ட் டெர்மினேட்டட் பை சிக்னல் 31', அதாவது லாகினுக்கு முந்தைய குழந்தை சிக்னல் 31ஆல் செத்தது. இந்த எண்ணை அவசரத்தில் தாண்டிப் போய்விடக் கூடாது. 11 என்றால் மெமரியில் கைவைத்த தப்பு, 6 என்றால் புரோகிராம் தானே அபார்ட் ஆனது. 31 என்பது சிக்சிஸ்: கூடாத ஒரு சிஸ்டம் காலை (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) அழைத்ததற்காகக் கெர்னல் கொன்றிருக்கிறது. அப்புறம் கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைப் பார்த்தால் அங்கே ஆடிட் வரி, டைப் 1326, சிக் 31, சிஸ்கால் 29. டைப் 1326 என்றாலே செக்காம்ப் (சிஸ்டம் கால்களை வடிகட்டும் கெர்னல் வசதி) வேலை. 29 எது என்று ஆசிஸ்கால் கருவியிடம் கேட்டால் சொல்லிவிடும்: எக்ஸ்86-64இல் அது ஷெம்கெட், ஷேர்டு மெமரி கேட்கும் அழைப்பு. (32 பிட்டில் இதே 29 வேறு ஒன்று, ஆர்க்கிடெக்சரையும் சேர்த்துப் பாருங்கள்.)

எஸ்எஸ்ஹெச்டிக்கு ஷேர்டு மெமரி எதற்கு? அதற்கு வேண்டாம், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குத்தான் வேண்டும். ரேண்டம் எண்ணுக்குக் கெட்ரேண்டம் என்ற அழைப்பு கெர்னல் 3.17இல்தான் வந்தது. 3.16இல் அது இல்லாததால் லைப்ரரி டெவ் யுரேண்டம் என்ற ஃபைலைத் தேடிப் போகிறது. பூட் ஆன புதிதில் அது சரியாகத் தயாராகாமல் இருக்கலாம் என்பதால், 1.1.1டி முதலில் டெவ் ரேண்டம் என்ற ஃபைல் எண் தரத் தொடங்கும்வரை காத்திருக்கிறது. ஒருமுறை காத்திருந்தாயிற்று என்பதை மற்ற பிராசஸ்களுக்குத் தெரிவிக்க ஒரு ஷேர்டு மெமரித் துண்டில் குறித்து வைக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எஸ்எஸ்ஹெச்டியின் லாகினுக்கு முந்தைய குழந்தை செக்காம்ப் கூண்டுக்குள் இருக்கிறது. அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி கையில் பெயர்ப் பட்டியல் இருப்பதுபோல், அனுமதித்த அழைப்புகளின் பட்டியல் அங்கே இருக்கிறது. ஷெம்கெட் அதில் இல்லை. இல்லாததை அழைத்தால் மரணம்.

லைப்ரரியின் ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் அதை அழைக்கும் முறை) மாறவில்லை, பெயர் மாறவில்லை, லிங்க் உடையவில்லை. உள்ளே எந்த சிஸ்டம் காலைக் கூப்பிடுகிறது என்பது மட்டும் மாறியது. அந்த மாற்றத்தை எந்த டிபெண்டன்சிப் பட்டியலும் காட்டாது, பேக்கேஜ் மேனேஜருக்கும் தெரியாது.

கூண்டைக் கான்ஃபிக்கில் அணைக்க வழியில்லை, அந்த வசதியை ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 7.5இலேயே எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அதனால் திறந்திருந்த விண்டோவில் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட் மூலம் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் லிப்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பழைய 1.1.1சி-1க்கு இறக்கி, மறுபடி ஏறாதபடி ஹோல்டு போட்டோம். எஸ்எஸ்ஹெச்டியை வேறொரு போர்ட்டில் டீபக் முறையில் ஓட்டி, அதில் லாகின் ஆனபிறகே அந்த விண்டோவை மூடச் சொன்னேன்.

பாதுகாப்பு லைப்ரரியை ஹோல்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. நல்லவேளையாக டெபியன் அதே மாதம் எஸ்எஸ்ஹெச் பக்கமே திருத்தம் விட்டது, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.1இலும் அதே மாற்றம் உண்டு. திருத்தம் சின்னது: ஷெம்கெட், ஷெமேட், ஷெம்டிடி மூன்றையும் அழைத்தால் கொல்லாமல் 'முடியாது' என்று பிழை திருப்பு. லைப்ரரியும் அந்தப் பதிலை ஏற்று மேலே போய்விடுகிறது. அதை ஏற்றி ஹோல்டை எடுத்தோம்.

இதே வகைக் கோளாறு லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.31இலும் வந்தது. அதில் நானோஸ்லீப் (கொஞ்ச நேரம் தூங்கும் அழைப்பு) உள்ளுக்குள் கிளாக் நானோஸ்லீப்பாக மாறியது. எஸ்எஸ்ஹெச்டியின் பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டியிருந்தது. நீங்களே எழுதும் சிஸ்டம்டி யூனிட்டில் (சர்வீஸை ஓட்டும் கான்ஃபிக் ஃபைல்) சிஸ்டம் கால்களைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்கால்ஃபில்டர் வரி போட்டிருந்தால் உங்களுக்கும் இது வரும். ஸ்டேட்டஸில் '31, சிஸ்' என்று தெரியும். அங்கே சிஸ்டம்கால்எரர்நம்பர் வரியில் ஈபெர்ம் ('அனுமதி இல்லை' என்ற பிழை) என்று கொடுத்துவிட்டால், தடுத்த அழைப்புக்குப் பிழைதான் திரும்பும், பிராசஸ் சாகாது. ஆனால் அப்போது டிமெசேஜில் அந்த 1326 வரியும் வராது, எந்த அழைப்பு தடுக்கப்பட்டது என்று அழைப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுத்தான் தேட வேண்டியிருக்கும். நான் சோதனை மெஷினில் கொல்ல விட்டுவிட்டு, வாடிக்கையாளர் மெஷினில் மட்டும் ஈபெர்ம் வைக்கிறேன்.