ஓட்டைக் கூடை

வீட்டுக்குப் போனால் அம்மா முதலில் என் விரல்களைத்தான் பிடித்துப் பார்ப்பார். ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு விட்டு நகக்கண் வெளிறிப் போயிருக்கும். "நீ குளிர்ல நிக்கக் கூடாதுன்னுதான் நான் முப்பது வருசம் பனியில கொழுந்தெடுத்தேன். நீ என்னடான்னா காசு குடுத்து ஐஸ் வாங்கி அதுக்குள்ள கைய வெச்சிருக்க" என்பார். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஐஸ் இல்லாமல் என் வேலை ஓடாது. கண்டியில் ஓர் ஆய்வகத்தில் எலியின் சிறுநீரகத்திலிருந்து, கலங்களுக்குச் சக்தி செய்துகொடுக்கும் இழைமணிகளைப் பிரித்து, அவை எப்படி மூச்சு விடுகின்றன, அதாவது எவ்வளவு ஒக்சிசன் செலவழிக்கின்றன என்று அளக்கிறேன். கருத்தரங்குகளில் மைட்டோகாண்ட்ரியா என்றுதான் பேசுகிறோம். எனக்கென்னவோ பள்ளியில் ஓ/எல் பரீட்சைக்குப் படித்த 'இழைமணி'தான் பிடிக்கும். 1898இல் கார்ல் பெண்டா கிரேக்கத்தில் இழைக்கும் மணிக்குமான இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பெயரை நம் பாடப்புத்தகக்காரர்கள் அப்படியே தமிழில் கோத்துவிட்டார்கள்.

சிறுநீரகத்தை எடுத்த கையோடு குளிர்ந்த சுக்ரோஸ் கரைசலில் போட்டு, ரத்தம் போகக் கழுவி, கத்தரியால் பொடியாக நறுக்கி, கண்ணாடிக் குழாயில் மெதுவாக ஏழெட்டுத் தடவை இடிக்க வேண்டும். வேகமாக இடித்தால் இழைமணி கிழிந்துவிடும். அப்புறம் இரண்டு சுற்று மையவிலக்கி: முதலில் மெதுவாகச் சுற்றிக் கருக்களை ஒதுக்கிவிட்டு, பிறகு வேகமாகச் சுற்றினால் குழாயின் அடியில் சுண்டுவிரல் நகமளவு பழுப்பு வண்டல் நிற்கும். தேத்தண்ணி மண்டியின் நிறம். அதற்குச் சில மணி நேரம்தான் உயிர். 2022 மார்ச் கடைசியில் கரண்ட் 13 மணி நேரம் போனதே, அப்போது மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் எலிக்கே நாள் குறித்தோம்.

சிறுநீரகத்தில் ஏன் இதைத் தேடுகிறேன் என்றால், உடம்பிலேயே படு உழைப்பாளி அது. இரண்டும் சேர்ந்து 300 கிராம் வரும். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்திலொரு பங்கு அங்கேதான் போகிறது. ஒரு நாளைக்கு 180 லீற்றர் வடிகட்டி, ஒன்றரை லீற்றரை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்த எடுப்பில் பெரும்பங்கு வடிகட்டியை அடுத்த முதல் குழாயில் நடக்கிறது. அங்குள்ள கலங்களில் இழைமணிகள் நெருக்கியடித்துக் கிடக்கும். எரிப்பது பெரும்பாலும் கொழுப்பை. சீனி வியாதிக்காரருக்கு வடிகட்டியில் இறங்கும் சீனியும் கூடிவிடுவதால் குழாய்க்கு இரட்டை வேலை. டப்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் அந்தச் சீனியைத் திரும்ப எடுக்க விடாமல் தடுத்துச் சுமையைக் குறைக்கின்றன. மாமாவுக்கு அது கொஞ்சம் பிந்திப்போனது. இப்போது வாரம் இரண்டு தடவை விடியக்காலை பஸ் பிடித்து டயாலிசிஸுக்குப் போகிறார்.

(சிறுநீரகம் என்றதுமே எல்லாரும் அனுராதபுரத்தைக் கேட்பார்கள். 1990களில் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடம் தெரியவந்த அந்த நோய் சீனியோ பிரஷரோ இல்லாதவர்களுக்கும் வருகிறது. மலையிலிருந்து இறங்கினால், பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டையிலும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர், பூச்சிமருந்து, வெயில் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், வழக்கு முடிந்தபாடில்லை. என் எலிகளுக்கு இருப்பது சாதாரணச் சீனிதான்.)

போன தீபாவளிக்குப் போனபோது மாமா கேட்டார்: "ஏம்மா, நீ அங்க என்னாதான் பாக்குற?"

தோட்டத்துக் கணக்கிலேயே சொன்னேன். இழைமணிதான் கொழுந்தெடுக்கிற ஆள். வெறுங்கூடைக்குப் பெயர் ஏடிபி (ADP), சக்தி நிறைந்த கூடைக்குப் பெயர் ஏரிபி (ATP). வெறுங்கூடை வந்தால் கை பறக்கும், ஒக்சிசன் கடகடவென்று செலவாகும், என் திரையில் கோடு செங்குத்தாக இறங்கும். கூடை எல்லாம் நிறைந்துவிட்டால் கை ஓயும், கோடு படுத்துவிடும். அந்த இரண்டு சரிவுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ஆள் நல்ல ஆளா என்று சொல்லலாம். நோயாளி எலியில் கூடை நிறைந்த பிறகும் கோடு படுக்க மாட்டேன் என்கிறது.

"கூடையில ஓட்டை" என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்தபடியே.

அதேதான் என்றேன். கை ஓடிக்கொண்டே இருக்கும், கொழுந்து நிற்காது.

"அப்ப கை ஓடுறத மட்டும்தான் பாத்தியா? தூரத்துல நின்னு பாக்குற கங்காணிக்கு ஓட்டைக்கூடைக்காரியும் நல்லாத்தான் எடுப்பா. தராசுல வெச்சாதானே அரைப்பேரா முழுப்பேரான்னு, அரைச்சம்பளமா முழுச்சம்பளமான்னு தெரியும். நிறுத்துப் பாத்தியா?"

நிறுத்துப் பார்க்கவில்லை. ஒக்சிசனை மட்டும்தான் அளந்திருந்தேன். என் கட்டுரை வரைவைப் படித்த ஒருவர் இதையே முக்கால் பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தார். எரிச்சலில் அதை மூடிவைத்திருந்தேன். அம்மாவிடம் எரிச்சல்பட முடியாதே. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஏரிபியை நிறுக்கும் தராசு மின்மினிப் பூச்சியிடம் இருக்கிறது. அதன் நொதியை எடுத்துக் கலந்தால் எவ்வளவு ஏரிபியோ அவ்வளவு வெளிச்சம் வரும். வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். விலையைக் கேட்டால் தலை சுற்றும். காசு ஒப்புதலாகி ஓடர் போட்டு ஆறு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே கேட்கிறார்: "தராசு வந்துச்சா?"