புரொப்பெல்லர் நிற்கும் இடமும் இறக்கையின் தூக்குவிசையும்

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். 35 டிகிரி வெயிலில் இங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தின் நிர்ணய அளவைவிட சுமார் 16 சதவீதம் குறைவு. அதே எடையைத் தாங்க 9 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டும். மாடல் விமானம் கட்டுபவர்கள் புரொப்பெல்லரை வைக்கும் இடத்தில் இதை ஓரளவு ஈடுகட்டலாம்.

1.2 மீட்டர் ஃபோம் இறக்கை, முன்னால் இரண்டு 8 இன்ச் புரொப்பெல்லர் என்று வையுங்கள். விமானம் நொடிக்கு 10 மீட்டரில் போகிறது, புரொப்பெல்லர் தள்ளும் காற்று 13 மீட்டர். தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், காற்று படும் இடத்தில் 1.69 மடங்கு. இறக்கையில் 30 சதவீதம் அந்தக் காற்றுக்குள் இருந்தால், மொத்தத்தில் 20 சதவீதம் வரை லாபம். காற்றுத் தாரையின் தடிமன் சிறியது என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

புரொப்பெல்லரை இறக்கையின் முன்விளிம்பை ஒட்டிப் பொருத்தாதீர்கள். புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்திலேயே காற்றின் வேகக்கூடுதல் பாதிதான் வந்திருக்கும்; ஓர் ஆரம் தள்ளி, அதாவது 10 செ.மீ. பின்னால், 85 சதவீதம் வந்துவிடும். 2 செ.மீ.யில் 60 சதவீதம்தான்.

சுழலும் திசையும் முக்கியம். புரொப்பெல்லர் இலை மேலேறும் பக்கத்தில் இறக்கைக்குத் தாக்குகோணம் (காற்று வந்து படும் கோணம்) கூடும், அதோடு தூக்கும் கூடும்; இறங்கும் பக்கத்தில் குறையும். இரண்டும் ஒரே திசையில் சுற்றினால் இடவலத் தூக்கு சமமாகாது. உடல்பக்க இலைகள் மேலேறும்படி எதிரெதிராகச் சுற்றவிடுவதே நல்லது.

ஆபத்து இறங்கும்போதுதான். த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) முழுதாக மூடினால், எதிர்காற்றில் சும்மா சுற்றும் புரொப்பெல்லர் காற்றைத் தடுத்து இறக்கையைப் பட்டினி போடும். விமானம் தொப்பென்று விழும். சக்கரம் தரை தொடும்வரை கால்வாசி த்ராட்டில் வைத்திருங்கள். ஒரு மோட்டார் நின்றால் அந்தப் பக்கம் இழுவிசையும் தூக்குவிசையும் சேர்ந்தே போகும். சாய்ந்த இறக்கையை அய்லரானால் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு) தூக்கப் பார்த்தால் அந்த இறக்கையே ஸ்டால் ஆகி, தூக்கை இழந்துவிடும். ஓடும் மோட்டாரைக் குறைத்து, ரட்டரால் (வாலில் உள்ள திசைதிருப்பி) நேராக்குங்கள்.

இந்த வம்பே வேண்டாமென்றால், இந்தியாவில் வடிவமைத்த சிறு பயணிகள் விமானமான சரஸின் வழி: புரொப்பெல்லர்கள் வாலுக்கருகே பின்னால். இறக்கைக்குச் சுத்தமான காற்று, த்ராட்டிலை மூடினாலும் தூக்கு அவ்வளவாக மாறாது. ஆனால் புறப்படும்போது மோட்டார் தரும் அந்தக் கூடுதல் தூக்கு கிடைக்காது. ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் கட்டிய பி-68சி என்ற இரட்டை எஞ்சின் சிறுவிமானத்தில் புரொப்பெல்லர்கள் இறக்கைக்கு முன்னால். வெயில் ஏறிய ஓசூர் மதியத்துக்கு எங்கள் தேர்வு அதுதான்.