விபிஎன் இணைந்துவிட்டது, பக்கம் மட்டும் திறக்கவில்லை

விபிஎன் செயலி 'இணைக்கப்பட்டது' என்கிறது. பிரவுசரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் செய்வது இரண்டுதான். சர்வரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள், அல்லது செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். இரண்டும் சில சமயம் பலிக்கும். ஏன் பலித்தது என்று தெரியாததால் அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

'இணைக்கப்பட்டது' என்பதற்கு உண்மையான பொருள் ரொம்பச் சின்னது: உங்கள் கணினியும் விபிஎன் சர்வரும் மறையாக்கச் சாவி மாற்றிக்கொண்டன, அவ்வளவுதான். வயர்கார்டு என்ற விபிஎன் முறையில் அதற்காகப் போகும் முதல் பொட்டலம் (தரவு பிரிந்து போகும் சிறு துண்டு) 148 பைட், திரும்பி வரும் பதில் 92 பைட். அந்த இரண்டும் கடந்துபோனதை வைத்து 1,400 பைட் பொட்டலமும் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. பெயர்களைத் தேடித் தரும் டிஎன்எஸ் ஒழுங்காக இருக்கிறதா என்பதும் அதில் தெரியாது.

முதலில் விபிஎன்னை ஓடவிட்டபடியே 1.1.1.1 என்ற எண்ணுக்கு (கிளவுட்ஃப்ளேரின் பொது டிஎன்எஸ் சர்வர்) பிங் செய்யுங்கள், அதாவது சிறு பொட்டலம் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் பாதை சரி. வராவிட்டால் பிரவுசரைத் தொட வேண்டாம், சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. வயர்கார்டு என்றால் 'கடைசி ஹேண்ட்ஷேக்' நேரத்தை, அதாவது கடைசியாகச் சாவி மாற்றிக்கொண்ட நேரத்தைப் பாருங்கள். பக்கத்தைத் திறக்க முயலும்போதே அது 3 நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் டனல் (உங்களுக்கும் விபிஎன் சர்வருக்கும் இடையிலான பாதை) செத்துவிட்டது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மட்டும் செத்துப்போகிறது என்றால், வயர்கார்டு பொட்டலங்கள் போகும் யுடிபி இணைப்பை ரவுட்டர் மறந்துவிடுகிறது என்று பொருள். சும்மா இருக்கும்போதும் இணைப்பை உயிரோடு வைக்கும் 'பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' மதிப்பை 25 விநாடி என்று வைத்தால் போதும். பொது வைஃபையாக இருந்தால் விபிஎன்னை ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த வைஃபையின் உள்நுழைவுப் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயர் போட்டால் வரவில்லை என்றால் டிஎன்எஸ். இங்கே அடிக்கடி ஏமாற்றுவது பிரவுசர்தான். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற வசதி உண்டு. அது இயங்கினால் பிரவுசர் இயங்குதளத்தைக் கேட்காமல் வெளியே ஒரு டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கலாம். அலுவலகத்தின் உள் பெயர்கள் அந்த வெளி சர்வருக்குத் தெரியாது. அதனால் பொதுத் தளங்கள் எல்லாம் திறக்கும், உள் தளம் மட்டும் திறக்காது. தனியுரிமை, பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் அதை அணைத்துப் பாருங்கள். விண்டோஸில் இன்னொரு பொறி இருக்கிறது: பல விபிஎன்கள் 'இந்தப் பெயர்களுக்கு இந்த சர்வர்' என்று இயங்குதளத்தில் விதி எழுதிவைக்கும், பெயரைத் தேடிப் பார்க்கும் என்எஸ்லுக்அப் கட்டளை அந்த விதியைக் கண்டுகொள்ளாது. ஆகவே அதில் தவறான விடை வந்தால் உடனே நம்பிவிடாமல், விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் ரிசால்வ்-டிஎன்எஸ்நேம் கட்டளையில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பழைய விடைகளை அழிக்கும்போது இயங்குதளத்தின் டிஎன்எஸ் நினைவகத்தை மட்டும் அழித்தால் போதாது. பிரவுசர் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது, அதை முழுதாக மூடித் திறந்துவிடுங்கள்.

இனி வருவதுதான் நிறையப் பேரைச் சுற்றலில் விடும் கோளாறு. பிங் போகிறது, பெயரும் கிடைக்கிறது, யூடியூப் ஓடுகிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன. தளத்தின் மேல் சந்தேகப்படுவதற்கு முன் எம்டியு-வை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவைச் சந்தேகப்படுங்கள்.

ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். விபிஎன் ஒவ்வொரு பொட்டலத்தையும் இன்னொரு உறைக்குள் போடுகிறது. வயர்கார்டின் உறை ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) மேல் 60 பைட், ஐபிவி6 (புதிய முறை) மேல் 80 பைட். பெரியதைக் கழித்துத்தான் 1,420 என்ற இயல்பு மதிப்பு வந்தது. ஆனால் வழியில் பிபிபிஓஇ (சில பிராட்பேண்ட் இணைப்புகள் உள்நுழையப் பயன்படுத்தும் முறை) இருந்தால் அந்த 1,500-இல் 8 பைட் போய் 1,492 ஆகும். மொபைல் இணைப்பாலோ இன்னொரு டனலாலோ இன்னும் குறையலாம். அப்போது பெரிய பொட்டலம் வழியில் விழுந்துவிடும். 'இது பெரிது, சிறிதாக்கு' என்று திருப்பிச் சொல்லும் ஐசிஎம்பி செய்தியையும் (நெட்வொர்க் அனுப்பும் தகவல் குறிப்பு) யாரோ ஒரு ஃபயர்வால் நிர்வாகி, பாதுகாப்பு என்ற பெயரில் அடைத்து வைத்திருப்பார். அனுப்பியவருக்கு எதுவும் தெரியாது, அதே அளவில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

யூடியூப் தப்பிப்பதற்கும் காரணம் உண்டு. அது பெரும்பாலும் க்விக் என்ற புதிய அனுப்பு முறை வழியாக வருகிறது, க்விக் பொட்டலங்கள் 1,200 பைட்டை ஒட்டித் தொடங்குபவை. டிசிபி என்ற பழைய முறை வழியாக வரும் தளத்தில் அதன் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்கள் முழு அளவுப் பொட்டலங்களில் வரும், அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

அளந்து பார்க்க, விண்டோஸில் பிங் கட்டளையோடு துண்டாக்கத் தடை போடும் எஃப் குறியையும், அளவு சொல்லும் எல் குறியையும் சேர்த்து 1.1.1.1-க்கு அனுப்புங்கள். 1,392-இல் தொடங்கலாம். 'துண்டாக்க வேண்டும்' என்று உடனே பதில் வந்தால் உங்கள் கணினியே தடுக்கிறது, அதாவது எல்லை தெரிந்திருக்கிறது, பிரச்சினை இல்லை. சத்தமே இல்லாமல் நேரம் முடிந்துபோனால்தான் வழியில் பொட்டலம் தொலைகிறது. பாதிப் பாதியாகக் குறைத்து, போகும் கடைசி அளவைக் கண்டுபிடியுங்கள். 1,352 போகிறது, 1,353 போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8, ஆக 28 கூட்டினால் 1,380. அதை வயர்கார்டு அமைப்பின் 'இன்டர்ஃபேஸ்' பகுதியில் எம்டியு என்று எழுதுங்கள். இன்னொரு விபிஎன் முறையான ஓப்பன்விபிஎன்னில் எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் என்ற அமைப்பு வரி இதே வேலையை டிசிபிக்கு மட்டும் செய்யும். அளக்கப் பொறுமை இல்லாதவர்கள் 1,280 போட்டுப் பார்க்கலாம். ஐபிவி6-க்குக் கட்டாயமான குறைந்தபட்ச அளவு அது. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கோளாறு இதுதானா என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். 1,280-க்குக் கீழே மட்டும் போகாதீர்கள், டனலுக்குள் ஐபிவி6 நின்றுவிடும்.

ஐபிவி6 பற்றி ஒரு சொல். விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் சுமந்தால் ஐபிவி6 வெளியே கசியும், இல்லையென்றால் அடைக்கப்பட்டிருக்கும். அடைக்கப்பட்டிருந்தால் ஐபிவி6 உள்ள தளங்கள் சற்றுத் தயங்கித் திறக்கலாம். செயலியில் ஐபிவி6-ஐயும் டனலுக்குள் அனுப்பும் தேர்வு இருந்தால் அதைப் போடுவதே நல்லது, கணினியில் அதை முழுக்க அணைப்பது கடைசி வழி.

'நீங்கள் மனிதர்தானா' என்ற சோதனையோ 403 பிழையோ வந்தால் இணைப்பில் எந்தக் குறையும் இல்லை. பெரும்பாலும், பலர் பகிரும் அந்த விபிஎன் சர்வரின் ஐபி முகவரியைத் தளம் ஒதுக்கிவைத்திருக்கிறது. சர்வரை மாற்றுவது பயன்படும் இடம் இதுதான்.

விபிஎன்னை நிறுத்திய பிறகும் இணையமே வரவில்லை என்றால் கில் சுவிட்ச் (விபிஎன் அறுந்தால் இணையத்தை அடைக்கும் வசதி) ஃபயர்வாலில் போட்ட விதி நீங்காமல் இருக்கலாம், செயலி திடீரென்று முறிந்துபோகும்போது இது நடக்கும். செயலியைத் திறந்து ஒருமுறை இணைத்து முறையாகத் துண்டியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நெட்வொர்க் அட்டையில் டிஎன்எஸ் முகவரி பழைய டனலுடையதாகவே நிற்கிறதா, ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) அமைப்பு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, இரண்டையும் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.