மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊரில்

ஸ்வீடனுக்கு வேலைக்கு வரும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. இந்த ஊர் ஆட்கள் பிறவியிலேயே சமத்துவக்காரர்கள், சார், மேடம் எல்லாம் இவர்களுக்குத் தெரியவே தெரியாது என்று. கோத்தன்பர்க்கில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். அவரோடு ஒரு காபி குடித்தால் அந்த நம்பிக்கை கரைந்துவிடும்.

பாட்டி கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். மேலதிகாரி எதிரில் உட்கார்ந்திருப்பார். அவரிடமே, "இயக்குநருக்குக் காபி வேண்டுமா?" என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்க வேண்டுமாம். பதவிப் பெயரை விட்டுவிட்டு முன்னிலையில் பேசினால் திமிர். பேராசிரியரின் மனைவிக்கும் மருத்துவரின் மனைவிக்கும்கூடக் கணவர் பதவியை ஒட்டிய தனிப் பட்டம் இருந்தது. தொலைபேசிப் புத்தகத்தில் பெயரோடு தொழிலையும் போடுவார்கள்.

எதிரில் இருப்பவரின் பதவி என்னவென்று தெரியாவிட்டால்? அங்கேதான் வேடிக்கை. நம் மரியாதைப் பன்மைபோல அவர்களிடமும் ஒரு சொல் இருந்தது. (அதன் உச்சரிப்பு 'நீ'. நம் காதுக்குச் சிரிப்புதான்.) ஆனால் அதை மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிடம் பேசிப் பேசி, கேட்டாலே மட்டம் தட்டுவதுபோல ஆகிவிட்டது. ஆகவே ஜனங்கள் எந்தச் சொல்லும் வராமல் வாக்கியத்தை வளைத்தார்கள். "சர்க்கரை தேவைப்படுமா?", "பயணம் எங்கேயோ?" இந்த ரகம். புருஷன் பெயரைச் சொல்லாமலேயே ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய எங்கள் ஆச்சி இங்கே பிறந்திருந்தால் ரொம்பச் சுலபமாகச் சமாளித்திருப்பாள்.

பட்டத்தை விட்டுவிட்டுப் பேசலாம் என்று முடிவெடுப்பதற்கும் சடங்கு இருந்தது. வயதிலோ பதவியிலோ பெரியவர்தான் அதைச் சொல்ல வேண்டும். கோப்பையைத் தூக்கி, கண்ணைப் பார்த்து, ஒரு மடக்குக் குடித்த பிறகு ஒருமையில் பேசலாம். பெரியவருக்கு அந்த எண்ணம் வராவிட்டால் வருஷக்கணக்கில் ஒரே அறையில் உட்கார்ந்து 'இயக்குநருக்குக் காபி'தான்.

1967இல் ப்ரோர் ரெக்செட் என்பவர் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்தார். தண்டுவட நரம்பணுக்களின் அடுக்குகளை வகைப்படுத்திய விஞ்ஞானி. மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரால் அந்த அடுக்குகளைப் படிக்கிறார்கள். பதவியேற்றபோது ஊழியர்களிடம், எல்லோரையும் ஒருமையில்தான் அழைக்கப்போகிறேன், என்னையும் ப்ரோர் என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அவருக்கு முன்பே அங்கங்கே இந்தப் பழக்கம் தொடங்கியிருந்தாலும் பெயர் அவருக்குத்தான் போனது. பத்து வருஷத்துக்குள் நாடு முழுக்க மாறிவிட்டது. அதே 1967 செப்டம்பர் 3ஆம் தேதிதான் சாலையில் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த நாடு ஒரே நாளில் வலப்பக்கம் மாறியது. பாட்டிக்கு இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டேன். "ரோடு சுலபம், போர்டு வைத்திருந்தார்கள்" என்றார்.

இப்போது டாக்டரும் பெயர்தான், பிரதமரும் பெயர்தான். என் மகள் பள்ளியில் டீச்சரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். மன்னர் குடும்பம் மட்டும் விலக்கு. நாடாளுமன்றத்தில் சபாநாயகரை விளிக்கும்போதும் பழைய மரியாதை உண்டு. கடைகளில் சில இளைஞர்கள் பணிவு என்று நினைத்து அந்தப் பழைய 'நீ'யை மறுபடி எடுத்திருக்கிறார்கள். பாட்டிக்கு அது பிடிப்பதே இல்லை. "என்னை வேலைக்காரி என்று நினைத்தானா?" என்று ஒருநாள் ரொட்டிக் கடையிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தார்.

பட்டம் போனதால் அதிகாரம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கார் பாகங்கள் வடிவமைக்கும் கம்பெனியில் இருக்கிறேன். என் மேனேஜர் உத்தரவே போட மாட்டார். "இதை ஒருமுறை பார்க்க முடிந்தால் நன்றாக இருக்குமோ?" என்பார். அதற்கு அர்த்தம், வெள்ளிக்கிழமைக்குள் முடி. சென்னை அணியில் இருக்கும் பையன்கள் அதை யோசனை என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் இங்கே முகங்கள் இறுகும், ஆனால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். சார் போட்டுத் திட்டு வாங்கிய நம்மூர் ஆபீஸில், திட்டு விழுந்தது என்றாவது தெரியும்.

சென்னைப் பையன்களுக்கு இங்கே இருப்பவர்களைக் கூப்பிடுவதும் தர்மசங்கடம். பெயர் மட்டும் சொல் என்றால் நாக்கு வராது. காரின் என்ற ஸ்வீடிஷ் பெண்மணியை 'காரின் மேம்' ஆக்கிவிடுவார்கள். பாவம், காரினுக்கு அந்த 'மேம்' என்ன என்று புரியவே இல்லை, தன் குடும்பப் பெயரைத்தான் தப்பாக எழுதுகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

ஆனால் எனக்கு நெருடலாக இருப்பது வேறு. மதியச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் தமிழர்கள் மட்டும் உட்கார்ந்து பேசும்போது கேளுங்கள். "ஆண்டர்ஸ் வரமாட்டான், லீவு போட்டுட்டான்." "காரின் மெயில் போட்டிருக்கா, பார்த்தியா?" ஆண்டர்ஸுக்கு ஓய்வு பெறும் வயது. அதே மூச்சில், எங்களைவிட நாலு வயது மூத்த தமிழர் ஒருவரைப் பற்றி, "அவர் சொன்னார், அவர் வரட்டும்." வெள்ளைக்காரர் என்றால் அவன், அவள். நம்மாள் என்றால் அவர். ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிப் பழகியதால் தமிழிலும் அப்படியே வருகிறது என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். ஆங்கிலத்தில் அந்தத் தமிழரையும் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்? அவர் மட்டும் எப்படி 'அவர்' ஆனார்? ஆண்டர்ஸுக்குத் தமிழ் புரியாது, அவ்வளவுதான் விஷயம். அதிலும் பெண் மேனேஜர் என்றால் 'அவங்க' இன்னும் சீக்கிரம் 'அவ' ஆகிவிடுகிறது. நான் வீட்டிலும் மேஜையிலும் ஆண்டர்ஸை அவர் என்றுதான் சொல்கிறேன். என் கணவருக்கு அது கேலி.

எனக்குக் கீழே கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் இருக்கிறான். மீட்டிங்கில் ஆங்கிலத்தில் என் பெயரைச் சொல்லி, இந்த பிராக்கெட்டின் தடிமன் போதாது, முறுக்கு விசையைத் தாங்காது என்று பட்டென்று சொல்வான். சரியாகவும் இருக்கும். அதையே சாப்பாட்டு மேஜையில் தமிழில் கேட்டால், "இல்லக்கா, நீங்க பண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்று குழைவான். அதனால் வரைபடத்தைப் பிரித்தால் இருவரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறோம், பக்கத்தில் வேறு யாரும் இல்லாவிட்டாலும்.