தீர்ப்புக்கும் மேல்முறையீட்டுக்கும் நடுவில்

"அப்பீல் போட்டுவிட்டோமே தம்பி, இனி அவர்கள் நிலத்தைத் தொட முடியாது அல்லவா?" மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்திருந்த அந்த அம்மாள் நம்பிக்கையோடு கேட்டார். நில வழக்கில் தோற்ற கட்சிக்காரர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மேல்முறையீடு செய்வதாலேயே எதுவும் நின்றுவிடாது. நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால்தான் நிற்கும் என்கிறது 1964-ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு.

அவர் வழக்கில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தகப்பனார் விட்டுப்போன நிலம், அண்ணன் பெயரில் பதிவாகி, பிறகு அண்ணன் மகன் பெயருக்கு மாறியிருந்தது. எல்லாருக்குமாகத்தான் அண்ணன் வைத்திருந்தார் என்பது அவர் வாதம். ஆதாரம் போதாது என்று பினாங்கு உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தள்ளுபடித் தீர்ப்பில் நிறைவேற்ற எதுவும் இல்லை. எனவே நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கக் கேட்பதில் பயனில்லை. நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்ற இடைக்காலத் தடையுத்தரவையே கேட்க வேண்டும்.

அதையும் முதலில் கேட்க வேண்டியது தள்ளுபடி செய்த அதே உயர் நீதிமன்றத்திடம். இளம் வழக்கறிஞர்கள் பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். உங்கள் தரப்பு தவறு என்று இப்போதுதான் சொன்னவரிடம் போய் எப்படிக் கேட்பது? இங்கிலாந்தில் 1974-இல் வெளியான எரின்ஃபோர்ட் வழக்கின் தீர்ப்பில் நீதிபதி மெகாரி இதற்கு வழிகாட்டினார். தடையுத்தரவை மறுத்த நீதிபதியே, மேல் நீதிமன்றம் தன் கருத்தை மாற்றக்கூடும் என்பதால், அதுவரை நிலைமையைக் காக்க உத்தரவிடலாம், இரண்டிற்கும் முரணில்லை. நீதித்துறையின் பணிவு தெரியும் இடமாக எனக்கு இது படுகிறது.

அவசரத்துக்குக் காரணம், பட்டாவில் பெயர் பதிவானவரின் உரிமையைக் காக்கும் தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆவது பிரிவு. பினாங்கின் தஞ்சோங் பூங்கா பகுதியில் போலிக் கையெழுத்தால் கைமாறிய நிலம், அதை வாங்கிய நிறுவனத்துக்கே உரியது என்று 2000-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சட்ட விளக்கம் தவறு என்று 2010-இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் திருத்திக்கொண்டது. ஆனாலும், குறையுள்ள பட்டாவை வைத்திருப்பவரிடமிருந்து நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கும் அடுத்தவருக்கு இன்றும் பாதுகாப்பு உண்டு. அண்ணன் மகன் அப்படி ஒருவருக்கு விற்றுவிட்டால், புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நாங்கள் வென்றாலும் நிலம் திரும்பாது.

மனுவோடு தரும் வாக்குமூலத்தில் பொதுப்படையாக அழுதுகொண்டிருக்கக் கூடாது; ஆபத்து உடனடியானது என்று காட்ட வேண்டும். எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் புதிதாக நட்டிருந்த, தலையில் சிவப்புச் சாயம் பூசிய அளவுக் குச்சிகளைப் படம் எடுத்து இணைத்தோம். நில அலுவலகத்தில் அன்றைய தேதியில் எடுத்த பட்டா விவரத்தையும் சேர்த்தோம். நஷ்டஈட்டு உறுதிமொழிதான் கடினமான பகுதி: மேல்முறையீட்டில் தோற்றால், தடையால் எதிர்த்தரப்புக்கு வந்த இழப்பை ஈடுகட்டுவதாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மலாயில் இருந்த பத்தியை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. "வீட்டையும் எடுத்துக்கொள்வார்களா?" என்று மட்டும் கேட்டார். வாய்ப்பு உண்டு என்றேன். மகளிடம் பேசிவிட்டு மறுநாள் வந்து, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டார். இதை விளக்காமல் கையெழுத்து வாங்கும் வழக்கறிஞரை என்னால் மன்னிக்க முடியாது.

மேல்முறையீடு முடியும்வரை நிலத்தைக் கைமாற்றக் கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். வழக்கு ஆவணங்களின் தொகுப்பான மேல்முறையீட்டுப் பதிவேட்டைத் தாமதிக்காமல் தாக்கல் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. முத்திரையிட்ட பிரதியை அன்றே நில அலுவலகத்தில் சேர்த்தோம்.

இப்போது தீர்ப்புத் தேதி குறித்தவுடனேயே இந்த மனுவையும் தயார் செய்துவிடுகிறேன். "தோற்போம் என்றே நினைக்கிறீர்களா?" என்று கட்சிக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர்களை உட்காரவைத்து 340-ஆவது பிரிவை விளக்குகிறேன்.