ஜெர்மனி வாடகை வீட்டில் கிச்சனை நாமே பொருத்தும்போது

ஜெர்மனியில் வாடகை வீட்டு விளம்பரத்தில் 'ஈபிகே' (EBK, பொருத்திய கிச்சன் என்பதன் ஜெர்மன் சுருக்கம்) என்ற மூன்றெழுத்து இல்லையென்றால், பொருத்திய கிச்சன் பெரும்பாலும் அங்கே இருக்காது என்று வைத்துக்கொள்ளலாம். சமையலறை என்று காட்டப்படும் அறையில் ஒரு தண்ணீர் வால்வு, ஒரு கழிவுக் குழாய், சுவரில் அடுப்புக்கான மின்பெட்டி, இவ்வளவுதான் இருக்கும். மேடை, தொட்டி, அலமாரி எல்லாம் குடிவருகிறவர் பொறுப்பு. முன்பு குடியிருந்தவர் ஒரு தொகை பேசிக்கொண்டு தன் கிச்சனை விட்டுப்போவதும் உண்டு. அது அமையாதவர்கள் பலகைகளாக வரும் கிச்சனை வாங்கித் தாங்களே பொருத்துகிறார்கள்.

நாங்கள் பொருத்தியது ஐகியாவின் மெட்டோட் வகை. மியூனிக்கில் ஒரு பழைய அடுக்ககம், ஒற்றைச் சுவர். 60 செ.மீ. அகலத்தில் நான்கு இடங்கள்: தொட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம், அடுப்பு, இழுப்பறை. மேலே 80 செ.மீ. உயர அலமாரிகள். பெட்டி பூட்டுவதுதான் இதில் சுலபமான வேலை. படத்தைப் பார்த்து யாரும் செய்துவிடலாம். ஒரு பெட்டிக்கு அரை மணி நேரம் போதும். வேலை கெடுவது சுவரிலும் தண்ணீரிலும் மின்சாரத்திலும்தான். அதனால் எழுதுவதும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே.

அளவு எடுக்கும்போது சுவரின் அகலத்தை மூன்று உயரங்களில் எடுக்க வேண்டும்: தரையோடு, 90 செ.மீ. உயரத்தில், மேல் அலமாரி வரும் உயரத்தில். பழைய கட்டடத்தில் மூன்றும் மூன்று அளவாக இருக்கும். எங்கள் சுவர் ஓரிடத்தில் 245.8, இன்னோரிடத்தில் 244.6. கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது சிறியதை. மூலை சரியான செங்கோணமா என்று பார்க்க மூலைமட்டம் போதாது. ஒரு சுவரில் 60, அடுத்த சுவரில் 80 செ.மீ. குறித்து, இரு புள்ளிகளுக்கும் இடையே 100 வருகிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள்.

சுவர் 244.6, பெட்டிகள் 240. மீதி நாலரை சென்டிமீட்டரை வீண் என்று நினைத்து முழுச் சுவரையும் பெட்டியால் அடைத்துவிடக் கூடாது. சுவரை ஒட்டி இழுப்பறை வந்தால், சுவர் கொஞ்சம் அறைப்பக்கம் சாய்ந்திருந்தாலே முகப்பலகை உரசும்; பக்கத்தில் கதவுச் சட்டம் இருந்தால் இழுப்பறை பாதியில் நின்றுவிடும். அந்த இடைவெளி முழுவதையும் இழுப்பறைப் பக்கம் விட்டு, நிரப்புப் பலகையால் மூடினோம். L வடிவ மூலைக்கு இது இன்னும் முக்கியம். நிரப்புப் பலகை இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக் கைப்பிடி அடுத்த பக்க இழுப்பறையைத் திறக்க விடாது.

ஜன்னலையும் மறக்க வேண்டாம். இங்கே ஜன்னல் உள்பக்கமாகத் திறக்கும். கால் 8, பெட்டி 80, மேல்பலகை 3.8 என்று கூட்டினால் மேடை 91.8 செ.மீ. வரும். ஜன்னலின் கீழ் விளிம்பு அதற்குக் கீழே இருந்தால் ஜன்னல் மேடையில் இடிக்கும்; சற்று மேலே இருந்தால் தண்ணீர்க் குழாயில் இடிக்கும். ஜன்னலுக்கு முன்னால் தொட்டி வருகிறவர்கள், மடக்கிச் சாய்க்கக்கூடிய குழாயாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது சுவர். துளை போடும் முன் அது எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில் 6 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டுத் தூளின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். சாம்பல் நிறத்தில், பிட் நகரவே மறுத்தால் கான்கிரீட். வெள்ளைத் தூள் வந்து பிட் சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஜிப்சம் பலகை. கான்கிரீட்டுக்குச் சாதாரண டிரில் உதவாது. எஸ்டிஎஸ் வகை ஹாமர் மெஷின் வேண்டும், கட்டுமானப் பொருள் கடைகளில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். உள்ளே பொந்துள்ள செங்கல்லில் நேர் எதிர்: ஹாமரை நிறுத்திவிட்டுத்தான் துளைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்சுவர்கள் நொறுங்கி, பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) பிடிக்க இடமே இருக்காது. ஜிப்சம் சுவரில் பின்னால் உள்ள உலோகச் சட்டங்களைத் தேடி அதில் திருக வேண்டும். அவை வழக்கமாக 62.5 செ.மீ. இடைவெளியில் நிற்கும்.

பழைய வீட்டில் பூச்சே ஒன்றரை, இரண்டு செ.மீ. தடிமன் இருக்கும். பிளக் பூச்சுக்குள் நின்றுவிட்டால் தட்டுகள் நிறைந்த அலமாரியைத் தாங்காது, பூச்சோடு பெயர்ந்து வரும். அதனால் பிளக் முழுவதும் செங்கல்லுக்குள் போகும்வரை துளை ஆழமாக இருக்க வேண்டும். திருகின் நீளமும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 8 மி.மீ. பிளக்கும் 70 மி.மீ. திருகும் எங்களுக்குச் சரியாக வந்தன. துளைக்குள் இருக்கும் தூளை வாக்வம் வைத்து உறிஞ்சிய பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியில் சுவருக்குள் மின்கம்பி எந்தப் பட்டையில் ஓடலாம் என்று டிஐஎன் 18015-3 என்ற நெறி சொல்கிறது: கூரையிலிருந்து 15 முதல் 45 செ.மீ. கீழே, தரையிலிருந்து 15 முதல் 45 செ.மீ. மேலே, சமையலறையில் கூடுதலாக 100 முதல் 130 செ.மீ. உயரத்தில். செங்குத்தாக என்றால் கதவு, ஜன்னல், மூலை ஓரங்களிலிருந்து 10 முதல் 30 செ.மீ. தள்ளி. கூரை 250 செ.மீ. என்றால் மேல் பட்டை 205 முதல் 235 வரை வரும். 228 செ.மீ.யில் முடியும் மேல் அலமாரியின் தொங்குசட்டம் (அலமாரியை மாட்டச் சுவரில் திருகும் சட்டம்) நேராக அந்தப் பட்டைக்குள்தான் விழுகிறது! ஆகவே கம்பி கண்டுபிடிக்கும் கருவி இல்லாமல் அங்கே துளை போடவே கூடாது. முதலில் ஒரு ஸ்விட்சுக்கு மேலே வைத்து, கருவி கத்துகிறதா என்று சோதித்துவிட்டு நம்புங்கள். பழைய வீடுகளில் இந்த நெறி வருவதற்கு முன் இழுத்த கம்பி குறுக்காகவும் ஓடியிருக்கலாம். துளைக்கும்போது அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்துக்கொள்வது நல்லது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் துளை போடும் நாட்கள் அல்ல. சத்தத்துக்கு அக்கம்பக்கம் புகார் செய்யும், அது நியாயமும்கூட.

மேல் அலமாரியை முதலில் மாட்டுங்கள். கீழ்ப்பெட்டி இல்லாதபோது சுவரை ஒட்டி நின்று தூக்க முடியும், மேல்பலகையில் கருவி விழுந்து வடுப்படாது. இரண்டு மீட்டர் நீளத்தில் வரும் எஃகுத் தொங்குசட்டத்தைத் தேவையான அளவுக்கு இரும்பு ரம்பத்தால் அறுத்து, ரசமட்டம் வைத்துத் திருக வேண்டும். சட்டம் மட்டமாக இருந்தால் அதில் தொங்கும் எல்லாமே மட்டமாக வரும். மட்டம் பிசகினால் அத்தனை கதவுகளிலும் அது தெரியும்.

கீழ்ப்பெட்டிக்குத் தரையின் உயரமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். பள்ளத்தில் உள்ள கால்களைத் திருகி உயர்த்தலாம்; மேட்டைக் குறைக்க வழியில்லை. எல்லாப் பெட்டிகளையும் கிளாம்ப் போட்டு இறுக்கி, முன்விளிம்புகள் ஒரே கோட்டில் வந்த பிறகே ஒன்றோடொன்று திருகுங்கள்.

மேல்பலகை மரத்துகளை அழுத்திச் செய்தது. மேலே பிளாஸ்டிக் தோல், உள்ளே தண்ணீர் பட்டால் ஊதிவிடும் தூள். தொட்டிக்கு வெட்டும்போது நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை போட்டு, ஜிக்சாவால் பின்பக்கத்திலிருந்து அறுங்கள். சாதாரண பிளேடின் பல் மேல்நோக்கி இருப்பதால், முன்பக்கமிருந்து அறுத்தால் தோல் சில்லுச் சில்லாகப் பெயரும். வெட்டின பாகம் கடைசியில் தானாக முறிந்து விழும்போது மூலையைக் கிழித்துக்கொண்டு போகும். கீழே ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். வெட்டிய விளிம்பு முழுவதும் சிலிக்கானைப் பூசி விரலால் தேய்த்துவிடுங்கள். வெளியே தெரியாத இந்தப் பூச்சில்தான் மேடையின் ஆயுள் இருக்கிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேலே பலகையின் அடிப்பக்கம் அலுமினியப் படலம் ஒட்ட வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் நீராவி அங்கேதான் ஏறும். நம் சமையலில் குக்கரும் இட்லிப் பானையும் தினம் ஓடும். அவற்றின் ஆவி மேல் அலமாரியின் அடிவிளிம்பை ஊதவைக்கும். குக்கரை எப்போதும் புகைபோக்கிக்கு நேர் கீழே வைத்துப் பழகுங்கள்.

தண்ணீரில் பெரிய தவறு குழாய் வாங்குவதில் நடக்கிறது. சுவரிலிருந்து சூடும் குளிரும் இரண்டு வால்வில் வந்தால் சாதாரணக் குழாய் போதும். தொட்டிக்குக் கீழே 5 லிட்டர் சூடாக்கி இருக்கும் வீடுகளில், அது பெரும்பாலும் அழுத்தம் தாங்காத வகை. அதற்கு 'நீடர்ட்ரூக்' (குறைந்த அழுத்தம்) என்று எழுதிய, மூன்று ஹோஸ் உள்ள குழாய்தான் பொருத்த வேண்டும். இரண்டு ஹோஸ் உள்ள சாதாரணக் குழாயைப் போட்டால் குழாயை மூடியதும் தெருக்குழாயின் முழு அழுத்தமும் அந்தச் சூடாக்கிக்குள் தேங்கி, அது வெடித்துவிடும். சரியான குழாய் போட்டிருந்தால் தண்ணீர் சூடாகும்போது வாயில் கொஞ்சம் சொட்டும். அது பழுதல்ல, விரிந்த தண்ணீர் வெளியேறும் வழி.

பல வருடம் திருப்பாத ஆங்கிள் வால்வு (சுவரிலிருந்து வரும் தண்ணீரை அடைக்கும் வால்வு) இறுகிப்போயிருக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் சுவருக்குள் உடையும். வீட்டு உரிமையாளரிடம் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு முக்கால் அங்குல வெளிவழி உள்ள இரட்டை வால்வு வேண்டும். அதன் கழிவு ஹோஸைச் செருகும் முன் சைஃபனின் (தொட்டிக்கு அடியில் உள்ள வளைந்த கழிவுக் குழாய்) கிளைவாயைப் பாருங்கள்: புது சைஃபனில் அது மூடியால் அடைத்தே வரும். மூடியை எடுக்காமல் ஹோஸை மாட்டிவிட்டு, தண்ணீர் வெளியேறவில்லை, இயந்திரம் கெட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

மின் அடுப்பை மட்டும் நாமே தொடக் கூடாது. சுவர்ப் பெட்டியில் பொதுவாக மூன்று ஃபேஸ் இருக்கும்: பழுப்பு, கறுப்பு, சாம்பல். நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு ஃபேசுகளுக்கு இடையே 400. நியூட்ரல் சரியாக இறுகாவிட்டால் 230 வோல்ட்டுக்குச் செய்த பாகங்களுக்கு 400 வரை பாயலாம்; அடுப்பும் போகும், தீயும் பிடிக்கும். பழைய வீட்டில் கம்பியின் நிறங்களையும் நம்ப முடியாது. பதிவுபெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, அளந்து இணைத்ததற்கான தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காப்பீட்டு நிறுவனம் கேட்கக்கூடியது அதைத்தான்.

கதவுகளைக் கடைசியில் மாட்டி, கீலில் உள்ள திருகுகளால் இடைவெளிகளைச் சமன்செய்யலாம். பொருள்களை அடுக்கிய ஒரு வாரத்தில் மறுபடி ஒருமுறை திருக வேண்டியிருக்கும். கால்களை மறைக்கும் அடிப்பலகையை மட்டும் அவசரப்பட்டு மாட்டாதீர்கள். எல்லா இணைப்புகளுக்கும் கீழே காய்ந்த டிஷ்யூ பேப்பரை விரித்து, தொட்டியை நிறைய நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, இயந்திரத்தையும் ஒரு சுற்று ஓட்டி, ஓர் இரவு விட்டுவைத்து, காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பேப்பரில் ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் அந்த வாஷரைக் கழற்றி மறுபடி உட்காரவையுங்கள்.